தெல்மா உயில் எழுதப் போன நவம்பர்

இங்கிலாந்தின் கடலோர ஊரான மோர்கமில் தெல்மாவை எல்லோருக்கும் மிஸஸ் ரிக்பி என்றுதான் தெரியும். டாக்டரின் கிளினிக் வரவேற்பில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பால்காரரும் அப்படித்தான். கிளிஃப் ரிக்பியின் வீட்டில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருப்பவள். அவன் சட்டைக்குப் பொத்தான் தைப்பவள். போன வசந்தத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸில் கூடவே ஏறிப் போனவள். அவளை வேறு எந்தப் பெயரில் கூப்பிடுவார்கள்? அவளும் யாரையும் திருத்தியதில்லை.

அவள் அந்த வீட்டுக்கு வந்தது வாடகைக்கு. அப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தனியாக இருந்தாள். கிளிஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி மார்ஜோரி, கேரவன் விற்கிற ஒருவனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தாள். குழந்தை இல்லை. பின்னறை சும்மா கிடந்தது. பேப்பர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துத் தெல்மா ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். இரண்டாவது குளிர்காலத்தில் பின்னறைச் சுவர் ஊறிப்போய் மெத்தைவரை ஈரம் ஏறியது. அவள் முன்னறைக்கு மாறினாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாருக்கும் எதையும் அறிவிக்கவில்லை. அதற்குப் பிறகு வாடகை வாங்குவது கிளிஃப்புக்குச் சரியாகப் படவில்லை. கொடுப்பது அவளுக்கும் சரியாகப் படவில்லை.

சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தது அவள். பின்கட்டில் தொட்டி வைத்து ரோஜா வளர்த்தது அவள். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மொத்தப் பணமும் கூரைக்கும் புதுக் குளியலறைக்கும் போனது. அதை அவள் செலவு என்றே நினைக்கவில்லை. தன் வீட்டுக்குத் தானே செய்துகொண்டது.

வாரத்தில் ஒரு நாள், மரணத் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்காக நடத்தப்படும் பழைய துணிக் கடையில் தெல்மா நிற்பாள். அங்கேதான் அந்தத் துண்டுத்தாளைப் பார்த்தாள். நவம்பர் மாதம் முழுக்கச் சில வக்கீல்கள் உயில் எழுத ஃபீஸ் வாங்க மாட்டார்கள். பதிலுக்கு முடிந்ததைத் தர்மத்துக்குக் கொடுத்தால் போதும். தெல்மாவிடம் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. அதை ப்ரெஸ்டனில் இருக்கிற அண்ணன் மகளுக்குப் பாதி, இல்லத்துக்குப் பாதி என்று எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

“நீயும் வாயேன்” என்று கிளிஃப்பிடம் கேட்டாள்.

“எனக்கு எதுக்கு? நான் செத்தா எல்லாம் உனக்குத்தான். அதை எழுதி வேற வைக்கணுமா?” என்று சொல்லிவிட்டு அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

வக்கீல் அலுவலகம் கேக் கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படி முழுக்க இலவங்கப்பட்டை வாசனை. வக்கீல் மிஸ் லோமாக்ஸ் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு அதையே மேஜைமேல் தேடிக்கொண்டிருந்தாள்.

“உங்க தலையில இருக்கு” என்றாள் தெல்மா.

“எப்பவும் அங்கதான் இருக்கும். நன்றி.” பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். “அப்பாயின்ட்மென்ட் மிஸஸ் ரிக்பிங்கற பேர்ல இருக்கு. இதுல தெல்மா ஹார்க்கர்னு இருக்கே?”

“ரெண்டும் நான்தான். ஹார்க்கர் எங்கப்பா பேரு. ரிக்பி ஊர் வச்ச பேரு.”

“கல்யாணம் எப்ப ஆச்சு?”

“கல்யாணம்னு தனியா ஒண்ணும் ஆகலை. ஆனா சட்டப்படி மனைவி மாதிரிதான். இத்தனை வருஷம் சேர்ந்து இருந்தா சட்டமே ஏத்துக்குமே, அந்த மாதிரி.”

மிஸ் லோமாக்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். இந்தச் செய்தியை அவள் பலமுறை பலருக்குச் சொல்லியிருக்கிறாள் என்பது அவள் பேனாவை வைத்த விதத்திலேயே தெரிந்தது.

“மிஸ் ஹார்க்கர், இங்கிலாந்துல அப்படி ஒரு சட்டம் கிடையாது.”

“இல்லாம இருக்குமா? எல்லாரும் சொல்றாங்களே.”

“எல்லாரும் சொல்றாங்க. சட்டம் மட்டும்தான் சொல்லலை. வீடு யார் பேர்ல இருக்கு?”

“கிளிஃப் பேர்ல.”

“அவர் உயில் எழுதியிருக்காரா?”

“அவனா? கடைக்குப் போகச் சாமான் லிஸ்ட் எழுதச் சொன்னாலே மாட்டான்.”

“அவருக்கு முன்னாடி கல்யாணம் ஆகியிருந்துதா? விவாகரத்து முடிஞ்சுதா?”

மார்ஜோரியைப் பற்றித் தெல்மா சொன்னாள். விவாகரத்து என்று வந்தபோது வாய் பாதியில் நின்றது. முடிந்துவிட்டது என்றுதான் எப்போதும் நினைத்திருந்தாள். முடிந்தது என்று யார் சொன்னார்கள் என்று யோசித்தால் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

“முடியலைன்னா?” என்று கேட்டாள்.

“முடியலைன்னா இன்னைக்கும் அவங்கதான் மனைவி. மிஸ்டர் ரிக்பி உயில் எழுதாம இறந்துட்டா, பிள்ளைங்களும் இல்லாததால, வீடு அவங்களுக்குத்தான் போகும்.”

“எதுக்கு? வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கார்டு அனுப்பறதுக்கா?”

மிஸ் லோமாக்ஸ் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நீங்க கோர்ட்டுக்குப் போகலாம். ரெண்டு வருஷத்துக்கு மேல கூட வாழ்ந்தவங்களுக்கு அந்த வழி இருக்கு. ஆனா அது போய்க் கேட்டு, நிரூபிச்சு, காத்திருந்து வாங்கறது. அதுவும் அவர் போன துக்கத்தோட. அவர் இப்ப ஒரு உயில் எழுதிட்டா அது எதுவும் வேண்டாம். இந்த மாசத் திட்டத்துல என்கிட்ட இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் கொடுக்காம வச்சிருக்கேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அவர் தனியாத்தான் உள்ள வரணும். நீங்க தள்ளிவிட்டு எழுதினதா இருக்கக் கூடாது.”

தெல்மா கீழே இறங்கினாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் கண்ணுக்குள் நின்றது அந்தக் குளியலறைதான். ஓடு ஓடாகத் தானே போய்ப் பொறுக்கி வாங்கியது.

கிளிஃப் மீனைப் பிட்டுக்கொண்டே அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியலை, கண்ணு. இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்.”

“சரி. விவாகரத்து?”

“அது ஆயிடுச்சே.”

“எப்ப?”

“அவ அங்க பார்த்துக்கறேன்னு சொன்னா.”

“பார்த்துக்கிட்டாளா?”

“நான் என்ன ஆஸ்திரேலியாவுக்குப் பஸ் ஓட்டிக்கிட்டுப் போயா விசாரிக்கறது?”

மறுநாள் சாயங்காலம் பௌல்ஸ் கிளப்பில், தெல்மாவும் கூட இருக்க, கிளிஃப் இந்த வழக்கைப் பொதுச் சபையில் வைத்தான். மழைக்காலத்தில் புல்தரையில் பந்து உருட்டி ஆட முடியாது; எல்லோரும் உள்ளே உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். தீர்ப்பு சொல்ல ஆள் பஞ்சமே இல்லை.

“ரெண்டு வருஷம் சேர்ந்து இருந்தா மனைவிதான்” என்றார் ரான்னி. கிளப்பின் செயலாளர் அவர். “சட்டம் அது.”

“ரெண்டு இல்லய்யா, ஏழு” என்றார் மூலையில் இருந்தவர்.

“வருஷமெல்லாம் கணக்கில்ல” என்றாள் பீர் ஊற்றிக்கொண்டிருந்த ஷீலா. “கேஸ் பில்லுல ரெண்டு பேர் பேரும் இருக்கணும். எங்க அக்காவுக்கு அப்படித்தான் சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?” என்று தெல்மா கேட்டாள்.

“கேஸ் கம்பெனிக்காரன்.”

“உங்கள்ல யாராவது வக்கீலுக்குப் படிச்சிருக்கீங்களா?”

எல்லோரும் அவரவர் கிளாஸைப் பார்த்தார்கள். “என் மச்சான் ஒரு வக்கீலுக்குப் பக்கத்து வீட்ல இருந்தான்” என்றார் ரான்னி.

கிளிஃப் திருப்தியோடு தலையாட்டினான். “பார்த்தியா? எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க.”

“ஆமா. ரெண்டு, ஏழு, கேஸ் பில்லு. ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுத் தெல்மா கோட்டை எடுத்து மாட்டினாள்.

அவள் சண்டை போடவில்லை. கத்திச் சண்டை போட்டால் கிளிஃப் காதை மூடிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விடுவான். அது பழைய அனுபவம். மறுநாள் காலையில் அவன் இறங்கி வந்தபோது ஃப்ரிட்ஜில் ஒரு அடுக்கு மட்டும் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் அவளுடைய பால், அவளுடைய வெண்ணெய், அவளுடைய இரண்டு முட்டை. ஒவ்வொன்றிலும் ‘டி. ஹார்க்கர்’ என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

“இது என்ன?”

“என் பால்.”

“என் டீக்கு?”

“உன் பால் கடையில இருக்கு.”

“தெல்மா, என்ன விளையாட்டு இது?”

“விளையாட்டு இல்ல. சட்டப்படி நான் இந்த வீட்ல யாருன்னு கேட்டுட்டு வந்தேன். குடியிருக்கறவ. குடியிருக்கறவ எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கேன்.”

அன்று மத்தியானம் அவள் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு துண்டு இறைச்சியை வறுத்து, ஒரே ஒரு தட்டில் வைத்து, அவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். கிளிஃப் டின் பீன்ஸைத் திறந்தான். சட்டியில் சூடாக்கும்போது அடிப்பிடித்தது. “சட்டியைக் கழுவி வச்சிடு. பொது உபயோகத்துக்கு இருக்கறது அது” என்றாள்.

“எவ்வளவு நாளைக்கு இந்தக் கூத்து?”

“வீட்டுக்காரருக்குப் பிடிக்கலைன்னா நோட்டீஸ் கொடுக்கலாம்.”

அவன் சட்டியைச் சுரண்டினான். கேலியாகத்தான் தொடங்கினாள். ஆனால் பின்னறையில் தனியாகப் படுத்தபோது அவளுக்கே அது கேலியாக இல்லை. நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆனால், அடுத்த வாரமே யாராவது வந்து நின்று நிஜமாகவே இந்த அறையைக் காலி செய்யச் சொல்லலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கிளிஃப் பின்னறைக் கதவைத் தட்டினான். அவன் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை. கையில் டீ. கோப்பையில் பாதி, தட்டில் பாதி.

“யார் பால்?” என்றாள் தெல்மா.

“திருடினதுதான். போலீஸைக் கூப்பிடு.” கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான். “எங்கப்பாவுக்கு உயில் எழுத வக்கீலைக் கூட்டிட்டு வந்தது நான்தான். ஆஸ்பத்திரிக் கட்டில்லயே வச்சுக் கையெழுத்துப் போட்டாரு. நல்ல அழகா, சுழிச்சுப் போட்டாரு. நான் வக்கீலை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். அதுக்குள்ள போயிட்டாரு.”

இதை அவன் இதுவரை சொன்னதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று மட்டும்தான் தெல்மாவுக்குத் தெரியும்.

“அவரு ஏற்கனவே போற நிலைமையில இருந்ததாலதான் வக்கீலைக் கூப்பிட்டே, கிளிஃப். கையெழுத்துப் போட்டதால போகலை.”

“தெரியும். அது தெரியாத முட்டாளா நான்? தெரிஞ்சாலும் பேனான்னு நினைச்சாலே கை வர மாட்டேங்குது. அதுவும் வசந்தத்துல இந்த நெஞ்சு பண்ண வேலைக்கப்புறம்.”

தெல்மா டீயை ஒரு வாய் குடித்தாள். சகிக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தாள்.

“நீ போறதை நினைக்க எனக்கு மட்டும் ஆசையா? ஆனா நீ போனா எனக்கு அழறதுக்கு ஒரு வீடு வேணும். பெட்டியைக் கட்டிக்கிட்டே அழ முடியாது என்னால.”

மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. கிளிஃப் அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

“எவ்வளவு கேப்பாங்க அந்த அம்மா?”

“ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உனக்கு மனசு வந்ததைத் தர்மத்துக்குக் கொடுக்கணும்.”

“மனசு வந்ததா? அது இன்னும் மோசம். விலைன்னு ஒண்ணு சொன்னாலாவது பேரம் பேசலாம்.” எழுந்தான். “போன் நம்பர் எங்க வச்சிருக்கே?”

வக்கீல் அலுவலகத்தில் கிளிஃப் தனியாக உள்ளே போனான். தெல்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, பழைய பத்திரிகையில் தோட்டப் படங்களைப் பார்த்தாள். ஒன்றும் மனதில் ஏறவில்லை. அவள் போனபோது ஆனதைவிட நேரம் அதிகமாக ஆனது. ஒருமுறை மிஸ் லோமாக்ஸ் சத்தமாகச் சிரிப்பது கதவு வழியாகக் கேட்டது. அவன் வெளியே வந்தபோது காது சிவந்திருந்தது.

“என்ன சொன்னே உள்ள?”

“ரகசியம்னு அவங்களே சொல்லியிருக்காங்க.”

வரைவு தயாரானதும் தபாலில் வரும் என்று தெல்மா எதிர்பார்த்தாள். வரவில்லை. கேட்டால், தானே போய்ப் படித்துவிட்டதாகச் சொன்னான். “நம்ம வீட்ல தபாலைப் பிரிக்கறது யாருன்னு அவங்க கேட்டாங்க. உண்மையைச் சொன்னேன்.” ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பெயர்களை அவள் எடுத்துவிட்டிருந்தாள், படுக்கையும் முன்னறைக்குத் திரும்பியிருந்தது. ஆனாலும் கையெழுத்து ஆகாதவரை ஒன்றும் ஆகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கு இருமல் வந்தாலே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மாதக் கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட ஒன்றாகப் போனார்கள். சாட்சிக்கு அலுவலகத்துப் பெண்கள் இருவர் வந்து நின்றார்கள். தெல்மாவின் உயில் முதலில் முடிந்தது.

“மிஸ்டர் ரிக்பி தன்னோடதை உங்க எதிர்ல படிக்கச் சொல்லியிருக்கார்” என்றாள் மிஸ் லோமாக்ஸ். இந்த முறை கண்ணாடி மூக்கில் இருந்தது.

வீடும், வீட்டில் உள்ளவையும், மற்ற எல்லாமும் தெல்மா ஹார்க்கருக்கு என்று படித்தாள். தெல்மா அத்தனை நாளும் இறுக்கி வைத்திருந்த தோளைக் கீழே விட்டாள். போதும். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் மிஸ் லோமாக்ஸ் நிறுத்தவில்லை.

“தெல்மா ஹார்க்கரைத் திருமணம் செய்துகொள்வேன் என்ற எதிர்பார்ப்பில் இந்த உயிலை எழுதுகிறேன். அந்தத் திருமணத்தால் இந்த உயில் செல்லாமல் போகக் கூடாது.”

சாட்சிப் பெண்களில் ஒருத்தி இருமினாள். கிளிஃப் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு கடல்காகத்தைத் தவிர ஒன்றுமில்லை.

“இது என்ன?” என்றாள் தெல்மா.

“கல்யாணம் பண்ணிக்கிட்டா அதுக்கு முன்னாடி எழுதின உயில் தானாவே ரத்தாயிடும். இந்த வரி இருந்தா ஆகாது” என்றாள் மிஸ் லோமாக்ஸ்.

“எல்லார் உயில்லயும் போடுவீங்களா?”

“இல்லை. கேட்டவங்களுக்கு மட்டும்.”

தெல்மா கிளிஃப் பக்கம் திரும்பினாள். “என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?”

“முதல்ல ஏற்பாடு, அப்புறம் கேள்வி” என்றான் அவன் கடல்காகத்திடம். “மார்ஜோரிக்கும் போன் பண்ணிட்டேன். நான் முடிச்சிருப்பேன்னு அவ நினைச்சுக்கிட்டு இருந்திருக்கா. ரெண்டு பேரும் சிரிச்சோம். விவாகரத்துக்குச் சந்தோஷமா ஒத்துக்கிட்டா.”

“இத்தனை வருஷம் பிரிஞ்சு இருந்ததால பெரிய சிக்கல் இல்லை. கோடைக்குள்ள முடிஞ்சிடும்” என்றாள் மிஸ் லோமாக்ஸ். பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

கிளிஃப் அதைப் பார்த்தான். நெற்றியில் வேர்த்திருந்தது. அறையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. தெல்மாவுக்கு அவன் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. தள்ளிவிட்டதாக ஆகிவிடுமோ என்று தன் கைகளைக் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவன் பேனாவை எடுத்தான். மெதுவாக, பள்ளிக்கூடப் பையன்போல, பெயரை முழுக்க எழுதினான். சாட்சிகள் எழுதினார்கள். மிஸ் லோமாக்ஸ் தேதி போட்டாள்.

கிளிஃப் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தான். கீழே கேக் கடையில் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள்.

“ஒண்ணும் ஆகலை” என்றான்.

“ஆகாது, மிஸ்டர் ரிக்பி.”

தர்மத்துக்கான உறையை வாங்கிக்கொண்டு திரும்பி நின்று செக் எழுதி, உள்ளே வைத்து ஒட்டி, யாரும் பார்ப்பதற்குள் பெட்டியில் போட்டான். எவ்வளவு என்று சொல்லவில்லை. படியிறங்கும்போது, “அந்த அம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டே கம்மியாப் போட முடியலை, சே” என்று மட்டும் முணுமுணுத்தான்.

கடலோரச் சாலைக்கு வந்தார்கள். மழை இல்லை. தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, சேறு வெள்ளிபோல மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மலைகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. தெல்மா தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏற்பாடு முடிஞ்சுது. இப்ப கேளு.”

“இங்கயா? நடுத்தெருவுலயா?”

“வக்கீலு, சாட்சி ரெண்டு பேரு, மார்ஜோரி, எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. இனிமே தெருவுக்கு என்ன வெட்கம்?”

“முட்டி போட்டா நீதான் தூக்கி விடணும்.”

“அப்ப நின்னுக்கிட்டே கேளு.”

கிளிஃப் தொப்பியைக் கழற்றினான். காற்று பலமாக அடித்தது. அவன் கேட்டது அவளுக்கு நன்றாகவே காதில் விழுந்தது.

“என்ன?” என்றாள். “என்ன சொன்னே?”

அவன் இன்னும் சத்தமாக, நாயைக் கூட்டிக்கொண்டு போன இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி, மறுபடி கேட்டான்.